பெங்களூர் அரட்டையின் வரலாறு

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவன போர்களும் உடன்படிக்கைகளும், அரசர் முடிசூடிய ஆண்டுகளும், ஆளுநர் பதவியேற்ற நாட்களுமே ஆகும். மாலை வேளையில் பூங்காவின் கல்மேடையில் அமர்ந்து இருவர் பேசிக்கொண்டதை எந்தச் சாசனமும் பொறித்து வைப்பதில்லை. அவர்கள் பேசியதுதான் என்ன? முழங்காலில் வலி இருக்கிறது, நாள்தோறும் நடந்தால் குறையுமா என்பது ஒன்று. நேற்றைய கூட்டத்தில் தலைவர் முழங்கியது நடக்கக் கூடியதா என்பது மற்றொன்று. புதிதாக வந்திருக்கும் பாட்டு உண்மையில் பாட்டுத்தானா, வெறும் இரைச்சலா என்பது மூன்றாவது. உடல், அரசியல், இசை ஆகிய இம்மூன்றையும் தொடாத அரட்டை நம் நாட்டில் அரிது.

அரட்டை என்னும் சொல்லை நாம் சற்று இளப்பமாகவே வழங்குகிறோம். வேலையற்றவர் பார்க்கும் வேலை என்பதே அதன் பொருளாகிவிட்டது. கன்னடத்தில் இதற்கு நேரான சொல் ஹரட்டெ என்பது. செவிக்கு இரண்டும் உடன்பிறந்த சொற்களாகவே ஒலிக்கின்றன. ஆயினும் கன்னட நாட்டில் அச்சொல்லுக்கு இளப்பத்தோடு ஒரு மதிப்பும் சேர்ந்திருக்கிறது. நகைச்சுவை மிளிரும் கட்டுரையையும், மேடையில் பலர் கூடி நடத்தும் வேடிக்கை உரையாடலையும் அப்பெயராலேயே அவர்கள் அழைக்கின்றனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரே சொல் இரு வீடுகளில் இருவேறு மதிப்போடு வாழ்வதைக் காணும்போது சற்றே நின்று நோக்கத் தோன்றுகிறது.

இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்களுள் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்பவர்கள். பம்பாய் என்று முன்பு வழங்கிய மும்பையிலும், டில்லியிலும், கல்கத்தாவிலும், ஐதராபாத்திலும் நம்மவர் குடியேறியிருக்கின்றனர். வேறு மொழி வழங்கும் நகரில் சென்று தங்கிய ஒருவர் எந்த நாளில் அவ்வூரைச் சேர்ந்தவர் ஆகிறார்? வீடு வாங்கிய நாளிலா, வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய நாளிலா, பக்கத்து வீட்டாருடன் காரணம் எதுவுமின்றிப் பேசத் தொடங்கிய நாளிலா? இக்கேள்விக்கு விடை காண்பதற்குப் பெங்களூரைப் போல உதவும் நகரம் வேறில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர் பெருந்தொகையாய் வாழ்ந்துவரும் நகரம் அது. அங்கு அரட்டை எவ்வாறு வளர்ந்தது, எங்கே தடைப்பட்டது, தடைப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பவற்றை இங்கே காண்போம்.

1537ஆம் ஆண்டில் கெம்பே கௌடர் கோட்டை எழுப்பி நிறுவிய பேட்டையே பழைய பெங்களூர். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்பு சீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலப் படை, அவ்விடத்து நோயின் கொடுமையைத் தாங்காமல் 1809இல் பெங்களூரை அடுத்த அல்சூர்ப் பகுதிக்கு இடம் பெயர்ந்தது. படை இருந்த இடத்தைக் கன்னடர் தண்டு என்று அழைத்தனர். தண்டு என்றால் படை என்பது தமிழுக்கும் உரிய பொருளே. அப்படையோடு சிப்பாய்களும், படைக்கு வேண்டிய பண்டங்களை விற்கும் வணிகரும், கொத்தனாரும், சமையற்காரரும், எழுத்தரும் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறினர். இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் அமைந்துள்ள சிவப்புக் கட்டடத்தை 1868இல் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்னும் தமிழரே. அவர் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய இலவசப் பள்ளி பிற்காலத்தில் பல கல்வி நிலையங்களாகக் கிளைத்தது.

1881இல் ஆங்கிலேயர் மைசூர் அரசை மீண்டும் உடையார் வம்சத்தாரிடம் ஒப்படைத்தனர். எனினும் தண்டுப் பகுதியை மட்டும் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். இவ்வாறு ஒரே பெயரில் இரண்டு நகரங்கள் அருகருகே வாழ்ந்தன. ஒன்றில் மகாராஜாவின் ஆட்சி, கன்னட வழக்கு. மற்றொன்றில் ஆங்கிலேயர் ஆட்சி, தெருவில் தமிழும் உருதுவும் தெலுங்கும். இரண்டுக்கும் நடுவே 1870இல் அமைக்கப்பட்ட கப்பன் பூங்கா பசுமையான எல்லைக்கோடு போல் விரிந்து கிடந்தது. தண்டில் வாழ்ந்த தமிழர் கன்னடம் பேசவேண்டிய அவசியமே இல்லாமல் மூன்று நான்கு தலைமுறைகளைக் கழிக்க முடிந்தது. கச்சேரி மொழி அங்கே ஆங்கிலம். 1949இல்தான் இரு நகராட்சிகளும் ஒன்றாக இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின. இந்த அமைப்பை மனத்தில் கொண்டால், பின்னால் நாம் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

முதலில் உடலைப் பற்றிய பேச்சைப் பார்ப்போம். பழைய பேட்டையில் மல்லர்கள் பயிலும் கூடத்திற்குக் கரடி மனெ என்று பெயர். விலங்கிற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தமிழிலும் சிலம்பக்கூடத்தைக் கரடிக்கூடம் என்று வழங்கியதுண்டு. செம்மண் பரப்பிய குழி, சுவரில் சாய்த்த கர்லாக்கட்டைகள், ஒரு மூலையில் அனுமார் படம், விடியற்காலையில் எண்ணெய் மணக்கும் இளைஞர் கூட்டம் ஆகியவை அத்தகைய கூடங்களின் அடையாளங்கள். பெங்களூரின் புகழ்பெற்ற கரகத் திருவிழாவிற்கும் இக்கூடங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நகர்த்தபேட்டைத் தர்மராயர் கோயிலிலிருந்து சித்திரைப் பௌர்ணமி இரவில் கரகம் புறப்படும்போது உருவிய வாளுடன் உடன் செல்லும் வீரகுமாரர்கள் அக்கூடங்களில் பயின்றவர்கள். கரகத்தைத் தமக்கே உரிய விழாவாக நடத்துவோர் திகளர் எனப்படும் தோட்டக்கலை வல்லுநர். அவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று கருதப்படுகிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த பேச்சு அவர்களுடைய வீட்டுப் பேச்சு. அந்தக் கரகம் நள்ளிரவில் மஸ்தான் சாகிபு தர்காவிலும் நின்று செல்கிறது. எந்த அரசாணையும் இவ்வழக்கத்தை விதிக்கவில்லை. அண்டை வீட்டார் பேசிப் பழகியதனால் வந்த வழக்கம் இது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடற்பயிற்சி புதிய கோலம் பூண்டது. ஐரோப்பாவில் சாண்டோ என்பவர் மூட்டிய ஆர்வம் இந்நாட்டிலும் பரவியது. பெங்களூரில் அதற்கு உருவம் கொடுத்தவர் கே. வி. ஐயர் எனப்படும் கோலார் வேங்கடேச ஐயர். 1897இல் பிறந்த இவர் தம் உடலைச் செதுக்கிய சிலைபோல் ஆக்கிக்கொண்டு, ஹெர்குலிஸ் என்ற கிரேக்க வீரனின் பெயரால் ஒரு வியாயாமசாலை நடத்தினார். தபால் மூலமும் பாடம் கற்பித்தார். 1930இல் தசை வளர்ச்சியைப் பற்றியும், 1937இல் சூரிய நமஸ்காரத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார். பெங்களூரில் வழக்கறிஞராயிருந்த சுந்தரம் என்னும் யோகப் பயிற்சியாளரும் இவருமாகச் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவும் செயல்விளக்கமும் நிகழ்த்தினர். இரும்புக் குண்டும் யோகாசனமும் ஒரே மேடையில் கைகோத்தது அக்காலத்தில் புதுமையாகும். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் பழமொழி. அச்சுவரைக் கட்டும் கலையை ஐயர் கற்பித்தார். அவரே பின்னாளில் சித்திரமும் எழுதினார் என்பதுதான் வியப்பு. ஹொய்சள அரசி சாந்தலையைப் பற்றி அவர் எழுதிய கன்னட நாவல் பெரும்புகழ் பெற்றது. அவர் தோற்றுவித்த ரவி கலாவிதரு என்னும் நாடகக் குழுவில் வியாயாமசாலை மாணவர்களும் வேடமிட்டனர்.

ஐயரின் நெருங்கிய நண்பர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் தி. ப. கைலாசம். மைசூர் அரசின் நீதிபதியாக விளங்கிய பரமசிவ ஐயரின் மகன். வீட்டு மொழி தமிழ். இலண்டன் சென்று நிலவியல் படித்துத் திரும்பி, மைசூர் அரசின் நிலவியல் துறையில் சில ஆண்டுகள் பணியாற்றி, அப்பதவியைத் துறந்தார். அதன் பின்னர் அவருடைய வாழ்நாள் முழுவதும் பேச்சாகவே கழிந்தது என்றால் மிகையாகாது. நண்பர்கள் சூழ்ந்திருக்க, புகைச்சுருட்டு புகைய, அவர் பேசிக்கொண்டே இருப்பார். நாடகங்களையும் அவர் பெரும்பாலும் எழுதவில்லை. வாயால் சொல்லச் சொல்ல நண்பர்கள் எழுதிக்கொண்டனர். நவீன கன்னட நாடகத்தின் தந்தை என்று இன்று போற்றப்படுபவரின் படைப்புகள் அரட்டையின் வயிற்றில் பிறந்தவை.

அவருடைய நாடகப் பாத்திரங்கள் புலவர் மொழியில் பேசுவதில்லை. பெங்களூர் நடுத்தரக் குடும்பங்களில் அன்று வழங்கிய ஆங்கிலம் கலந்த கன்னடத்திலேயே பேசுகின்றன. பொள்ளலும் திண்மையும் என்னும் பொருள்பட அவர் பெயரிட்ட நாடகத்தில் இரு பிள்ளைகள் வருகின்றனர். ஒருவன் தேர்வில் முதல்வன்; மற்றவன் தேர்வில் தவறியவன். வீட்டில் தீப்பற்றும் வேளையில் வீட்டாரைக் காக்க முந்துபவன் தேர்வில் தவறிய பிள்ளையே. உடலின் உரமும் உள்ளத்தின் ஈரமும் ஏட்டுக் கல்வியைவிடக் கனமானவை என்று காட்டும் இந்நாடகத்தை எழுதியவர் வியாயாமசாலைக்காரரின் தோழராக இருந்தது பொருத்தமே. அன்னி பெசன்ட் அம்மையார் 1916இல் சென்னையில் தொடங்கிய இயக்கத்தால் நாடெங்கும் ஒலித்த ஹோம் ரூல் என்ற சொல்லையே கைலாசம் ஒரு வேடிக்கை நாடகத்திற்குத் தலைப்பாக்கினார். மேடையில் முழங்கும் சொல் வீட்டுக் கூடத்திற்குள் நுழையும்போது எத்தகைய கோலம் கொள்கிறது என்று நகைப்பது அவருக்குக் கைவந்த கலை.

1945இல் கன்னட சாகித்திய சம்மேளனம் சென்னை நகரில் கூடியது. அதற்குத் தலைமை தாங்கியவர் கைலாசம். தமிழ் வீட்டில் பிறந்தவர், தமிழரின் தலைநகரில், கன்னட எழுத்தாளர் பேரவையின் தலைவராக அமர்ந்தார். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். எவ்வளவோ சான்றிதழ்களை விண்ணப்பத்தோடு இணைத்துச் சமர்ப்பிக்கும் காலத்தில் வாழும் நாம், அயலூரில் உரிமை பெறுவதற்கு இதைவிடச் சிறந்த சான்று ஏது என்று எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்ததாக அரசியல் பேச்சு. 1927ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் சுற்றுப்பயணத்தின்போது காந்தியடிகள் உடல்நலம் குன்றினார். மருத்துவர் ஓய்வு கொள்ளச் சொல்லவே, ஏப்ரல் மாதம் பெங்களூரை அடுத்த நந்தி மலைக்குச் சென்றார். இராஜாஜியும் அங்கு உடனிருந்தார். ஜூன் மாதம் மலையிலிருந்து இறங்கிப் பெங்களூர்க் குமாரப் பூங்கா மாளிகையில் தங்கி, ஆகஸ்டு வரை அவ்வூரிலேயே இருந்தார். ஒரு தேசத்தலைவரின் உடல்நிலையும், உணவும், நடைப்பயிற்சியும், மாலைப் பிரார்த்தனையும், கதர்ப் பிரசாரமும் ஒரு நகரத்தின் நாள்தோறுமான பேச்சாக ஆனது அந்தக் கோடைக்காலத்தில்தான். அரசியலையும் உடல்நலத்தையும் இருவேறு பொருள்களாக அவர் நடத்தவில்லை. அதனால் அவரைப் பற்றிப் பேசியவர்களாலும் அவ்வாறு பிரித்துப் பேச முடியவில்லை.

மேடைப்பேச்சுக்கு ஒரு குணம் உண்டு. அது ஒருவர் பேசப் பலர் கேட்பது. கேட்பவர் கைதட்டலாம், கூச்சலிடலாம், மறுமொழி கூற இயலாது. அந்த மறுமொழி பின்னால் காப்பிக் கடையில் பிறக்கிறது. லால்பாக் அருகே 1924இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்னும் சிற்றுண்டிச்சாலையும், காந்தி பஜாரில் 1943இல் தோன்றிய வித்யார்த்தி பவனமும் தோசைக்காக மட்டும் பெயர் பெற்றவை அல்ல. தோசை வரும் வரை காத்திருக்கும் நேரத்தில் தலைவர்களின் சொற்கள் அங்கே எடைபோடப்பட்டன. சுதந்திரம் வந்த பின்பும் மைசூரில் பொறுப்பாட்சி வராத நிலையில், 1947 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, மேடையில் எழுந்த குரலுக்கு வலுவூட்டியது இத்தகைய தெருப் பேச்சே. டி. வி. குண்டப்பா 1945இல் நிறுவிய கோகலே பொதுநல நிலையம் இவ்வரட்டைக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பொதுநலப் பொருள் ஒன்றை எடுத்து, கோபமின்றி வாதிடும் பயிற்சியை அது வளர்த்தது. முழக்கத்தைக் கேட்டு மயங்காமலும் வெகுளாமலும் இருக்கும் பழக்கம் இத்தகைய சிறு கூட்டங்களிலேயே உண்டாகிறது.

மூன்றாவது பொருள் இசை. கப்பன் பூங்காவில் இரும்பினால் ஆன எண்கோண மேடை ஒன்று இன்றும் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் பட்டாளத்து பாண்டு வாத்தியம் அங்கே முழங்கியது. பேட்டைக்காரரும் தண்டுக்காரரும் புல்தரையில் நின்று அப்புதிய ஒலியைக் கேட்டனர். மறுபுறம் 1905இல் தோன்றிய பெங்களூர் கான சமாஜம் கர்நாடக இசைக்கு இல்லமாயிற்று. 1930களின் பிற்பகுதியில் சாமராஜப்பேட்டையில் உருவான ஸ்ரீராம சேவா மண்டலி, கோட்டை உயர்நிலைப் பள்ளித் திடலில் இராமநவமி இசைவிழாவைத் தொடங்கிப் பந்தலிட்டு வாரக்கணக்காக நடத்திவந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி முதலிய தமிழ்நாட்டுப் பெருங்கலைஞர்கள் அங்குப் பாடினர். பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் வழங்கப்படும் அத்தகைய பந்தல்களில் பெண்களும் ஆண்களும் குழந்தைகளுடன் வந்தமர்ந்து, ஆலாபனையின் இடையே எழுந்த கருத்துகளை அண்டையில் இருந்தவரோடு தத்தம் மொழியில் பகிர்ந்துகொண்டனர். இராகத்தின் பெயர் எல்லா மொழியிலும் ஒன்றே ஆதலால் அங்கே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

புதிய இசை என்பது எக்காலத்திலும் சண்டையை உண்டாக்குவது. 1927இல் மைசூர்ச் சௌடையா தம் பிடிலின் நான்கு தந்திகளோடு மேலும் மூன்றைச் சேர்த்து ஏழு தந்திப் பிடிலை வாசிக்கத் தொடங்கினார். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. பெருங்கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் நாதம் சென்று சேரவேண்டும் என்பது அவருடைய நோக்கம். அயல்நாட்டுக் கருவியை நம் இசைக்குப் பழக்கியதே போதாதா, அதன் அமைப்பையும் மாற்றுவதா என்ற ஐயம் எழுவது இயல்பே. வாதம் எதுவாயினும் தீர்ப்பைச் சொன்னது காலம். 1957இல் சென்னைச் சங்கீத வித்வத் சபை அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. 1967இல் அவர் மறைந்தார். 1980இல் பெங்களூரில் ஏழு தந்திப் பிடிலின் வடிவிலேயே அவருக்கு நினைவு மண்டபம் எழுந்தது.

வானொலியும் ஒரு காலத்தில் புதிய இசையாகவே வந்தது. மைசூரில் உளவியல் பேராசிரியராயிருந்த கோபாலசாமி 1935இல் தம் இல்லத்திலேயே சிறிய ஒலிபரப்பி ஒன்றை நிறுவினார். ஆகாசவாணி என்னும் அழகிய பெயர் அந்நிலையத்தோடுதான் முதலில் புகழ் பெற்றது. 1957 முதல் அதுவே நாடு முழுவதற்கும் உரிய பெயராயிற்று. 1955 நவம்பரில் அந்நிலையம் பெங்களூருக்கு மாறியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகத் திரைப்பாடல்களை வானொலியில் பெரிதும் குறைத்துச் சாஸ்திரீய சங்கீதத்திற்கு இடம் தரவேண்டும் என்று அன்றைய அமைச்சர் கேஸ்கர் முடிவு செய்திருந்தார். நேயர்கள் வாதாடவில்லை, வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி இலங்கை வானொலிக்குச் சென்றுவிட்டனர். 1957 அக்டோபரில் விவித பாரதி தோன்றியதற்கு அந்த மௌனமான மறுமொழியும் ஒரு காரணம். அரசாங்கமும் அரட்டைக்குச் செவி சாய்க்கவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

உடலும் இசையும் ஒன்றையொன்று சந்தித்த வேறொரு நிகழ்ச்சியும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பழைய கோலார் மாவட்டத்தில் பிறந்து, மைசூரில் கிருஷ்ணமாசாரியாரிடம் யோகம் பயின்று, 1937இல் பூனாவில் குடியேறியவர் பி. கே. எஸ். ஐயங்கார். உலகப் புகழ் பெற்ற பிடில் மேதை யெஹூதி மெனூஹின் 1952இல் இந்தியா வந்தபோது பம்பாயில் இவரைச் சந்தித்தார். சில நிமிடங்களுக்கென்று குறித்த சந்திப்பு நெடுநேரம் நீண்டது. களைத்திருந்த கலைஞருக்கு ஐயங்கார் காட்டிய ஆசனங்கள் இளைப்பாறுதல் தந்தன. 1966இல் ஐயங்காரின் யோக நூல் வெளிவந்தபோது மெனூஹினே அதற்கு முன்னுரை எழுதினார். உடல் சோர்வைப் பற்றிய ஒரு சாதாரணப் பேச்சு, தென்னாட்டு யோகத்தை மேல்நாடுகளுக்கு எடுத்துச்சென்ற பாதைகளுள் ஒன்றாயிற்று.

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். வீட்டில் தமிழ் பேசி, வெளியில் கன்னட இலக்கியத்தைச் செழிக்கச் செய்தவர் கைலாசம் ஒருவரே அல்லர். 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்ற மாஸ்தி வேங்கடேச ஐயங்கார் பெங்களூர்க் கவிபுரத்தில் வாழ்ந்தார். முதுமையிலும் மாலைதோறும் பசவனகுடி மன்றத்திற்குச் சென்று நண்பர்களுடன் சீட்டாடிப் பேசிவருவது அவர் வழக்கம். இசை நாடகங்கள் இயற்றித் தாமே மெட்டமைத்த பு. தி. நரசிம்மாச்சாரும் மேல்கோட்டைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவரே. எதிர்த் திசையிலும் இது நடந்தது. மைசூர்ச் சீமையில் நஞ்சன்கூட்டில் பிறந்து ஊர்ப்பெயரோடு புகழ்பெற்ற பெங்களூர் நாகரத்தினம்மாள், தம் செல்வத்தையெல்லாம் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராஜருக்கு நினைவாலயம் எழுப்பினார். அதற்கு 1925இல் குடமுழுக்கு நடந்தது. மைசூர்ச் சீமையில் பிறந்தவர் காவிரிக்கரையில் செய்த இத்தொண்டைத் தஞ்சை மண் மறக்கவில்லை.

ஆயினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. மேலே கூறிய எழுத்தாளர் அனைவரும் மைசூர் அரசின் பள்ளிகளிலும் பதவிகளிலும் வளர்ந்த படித்த குடும்பத்தினர். கன்னடம் அவர்களுக்குக் கச்சேரியிலும் கல்லூரியிலும் காப்பிக் கடையிலும் இயல்பாக வாய்த்தது. தண்டுப் பகுதியின் தமிழ்த் தொழிலாளிக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவருடைய முதலாளி ஆங்கிலத்தில் அதட்டினார். அண்டை வீட்டார் தமிழிலோ உருதுவிலோ பேசினர். கன்னடம் பூங்காவுக்கு அப்பால் இருந்தது. ஒருமித்த மாநகராட்சி வந்த பின்னரும், 1956இல் மொழிவாரி மாநிலம் அமைந்த பின்னரும், அந்த இடைவெளி ஒரே நாளில் மறையவில்லை. 1950இல் அமைந்த பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தமிழ்க் கல்வியையும் நூல்களையும் பேணியது போற்றற்குரியது. ஆனால் அயலாரோடு பேசும் பழக்கத்தை எந்தச் சங்கமும் உறுப்பினருக்காகச் செய்து தர இயலாது. அவரவரே செய்துகொள்ள வேண்டியது அது.

பேச்சு வற்றிய இடத்தில் முழக்கம் புகுந்துவிடும். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 1991 ஜூன் மாதம் வெளிவந்தது. டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் மைசூரிலும் கலவரம் மூண்டது. தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்கள் பறிபோயின, பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்தை விட்டு ஓடின. தாக்கியவர் செயலுக்கு எந்தக் காரணமும் நியாயம் ஆகாது. கன்னடம் தெரியாமை குற்றமும் அன்று. குற்றமாயினும் அதற்குத் தீயா தண்டனை? எனினும் எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. பெயரும் முகமும் அறிந்த மனிதரை ஒரு கூட்டத்தின் பெயரால் வெறுப்பது கடினம். முன்பின் பேசியறியாத மனிதரை அவ்வாறு வெறுப்பது மிக எளிது. மேடை முழக்கம் நாடுவது அத்தகைய அறிமுகமற்ற மனிதரையே.

அதே 1991இல் அல்சூர் ஏரிக்கரைக்கு அருகே நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் தமிழ்நாட்டு முதல்வரும் கர்நாடக முதல்வரும் ஒருங்கே நின்று அதனைத் திறந்துவைத்தனர். நான்கு நாட்களுக்குப் பின்பு சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு அரசுகள் பேசிக்கொண்டதால் துணி விலகியது. 2016 செப்டம்பரில் மீண்டும் பேருந்துகள் எரிந்தபோது, சிலைகள் மட்டும் போதா என்பதும் தெளிவாயிற்று.

இன்று கப்பன் பூங்காவிலும் லால்பாக்கிலும் விடியற்காலையில் நடப்போர் கூட்டத்தைக் காணலாம். பழைய கரடிக்கூடங்களில் ஆடவர் மட்டுமே இருந்தனர். இன்றைய நடைபாதையில் மகளிரும் சம அளவில் நடக்கின்றனர். கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் இந்தியும் மலையாளமும் ஒன்றையடுத்து ஒன்று காதில் விழுகின்றன. ஆனால் செவியில் கருவியைப் பொருத்திக்கொண்டு தனியே நடப்போரும் பெருகியிருக்கின்றனர். அவரவர் பாட்டு அவரவர் காதில். அவரவர் தலைவரின் முழக்கம் அவரவர் கைப்பேசியில். நடந்த அடிகளின் கணக்கும் அவரவர் மணிக்கட்டில். உடல், அரசியல், இசை என்ற மூன்று பொருள்களும் நம்மோடு நடக்கத்தான் செய்கின்றன. அவற்றைப் பற்றி உரையாட மற்றொருவர் உடன் நடக்கிறாரா என்பதே கேள்வி.

பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்களோ என்னும் அச்சம் வெளிமாநிலத் தமிழர் வீடுகளில் நீங்காத ஒன்று. அந்த அச்சம் நியாயமானதே. அதற்குரிய மருந்து வீட்டில் தமிழ் பேசுவதும், தமிழ் நூல்களை வாங்கி வைப்பதும், வானொலியைக் கேட்பதும் ஆகும். தெருமொழியைக் கற்காமல் இருப்பது அதற்கு மருந்தாகாது. மாஸ்தியின் வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் ஒன்றையொன்று விழுங்காமல் வாழ்ந்தன. அவர்களைப் போல் நூல் எழுதும் கடமை நமக்கில்லை. பக்கத்து வீட்டாரோடு பத்து வாக்கியம் பேசும் கடமை மட்டும் உண்டு. இலக்கணம் பிழையாயினும் பரவாயில்லை. முழங்கால் வலிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கலாம். அந்தப் பாட்டு உங்களுக்குப் பிடித்ததா என்று கேட்கலாம். சிறிது பழகிய பின்னர், நேற்றைய பேச்சில் உங்களுக்கு உடன்பாடா என்றும் கேட்கலாம். முதல் இரண்டு கேள்விகளைப் பலநாள் கேட்டுப் பழகியவர்களுக்கு மூன்றாவது கேள்வியில் கருத்து வேறுபட்டாலும் நட்பு முறிவதில்லை. இருநூறு ஆண்டுப் பெங்களூர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. இன்று மாலை நடக்கச் செல்லும்போது இதனை நேயர்கள் சற்றே முயன்று பார்ப்பார்களாக.